பத்தை வெல்லும் ஒன்பது

ஆளுக்குப் பாதிச் சீட்டு. இருவரும் ஒரே நேரத்தில் ஒன்றைத் திறக்க, பெரிய எண் வந்தவருக்கு இரண்டும் சேரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது போதும். 2, 9 என்று விழுந்தால் கை தானாக நீளும். 7, 8 என்றால்தான் சீட்டிலுள்ள புள்ளிகளில் விரல் ஊர்ந்து போகும். எண்கள் நெருங்க நெருங்கப் பெரியவர்களுக்குமே விடை தாமதமாகிறது என்று உளவியலாளர்கள் மோயரும் லாண்டவரும் 1967இல் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் அட்டைகளை நம்பியே நடந்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் படிக்கிறார்கள். எல்லாம் ‘அட்டை’ என்கிறவரைதான். ‘சீட்டு’ என்று சொல்லிவிட்டால் பல வீடுகளில் முகம் சுளிப்பார்கள். காசு வைத்து ஆடுகிற சீட்டுதான் நினைவுக்கு வரும். கோடை விடுமுறையின் கழுதை ஆட்டத்துக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. அதிலும் எண்வரிசை வகுப்பில் படித்ததுதான். ஆஸ் ஒன்றுதான் ராஜாவுக்கும் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இலங்கையில் 1998இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்றுதான் பாடத்தைப் பிரித்தது. ஆகவே வகுப்பறையில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வித்தியாசம் யாழ்ப்பாணத்து விறாந்தையில் இருக்கிறது. அங்கே பெரியவர்கள் 304 என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள், பிள்ளை பக்கத்தில் குந்தியிருக்கும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் சைபர். ஓர் இனத்துக்கு 76, நான்குக்கும் 304.

“பத்துத்தானே பெரிசு, பெரியப்பா?”

“இந்த விளையாட்டில ஒம்பதுதானடா பெரிசு.”

கேரளத்து 28லும் இதே கூத்துதான்: ஒன்பதுக்கு 2, பத்துக்கு 1. ஐந்து வயதில் இது குழப்பும்; அப்போது 2 முதல் 10 வரை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது. ஏழெட்டு வயதில் லாபம். சீட்டில் உள்ள எண் வேறு, அதற்கு நாம் தரும் மதிப்பு வேறு என்று அந்தப் பிள்ளைக்குப் பிடிபடுகிறது.

ஈரிலக்க எண்களுக்கும் அந்த முதல் ஆட்டமேதான், ஆளுக்கு இரண்டு சீட்டு. நான் பார்த்த வகுப்பொன்றில் ஒரு சிறுமி 1, 9 என்று வைத்து, “பத்தொன்பது” என்றாள். எதிரே 41. ஒரு கணம் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, சத்தமில்லாமல் இரண்டு சீட்டையும் இடம் மாற்றினாள்.