கோடறியாக் கை வண்ணமறியுமா?

"வரைவது பிறவியிலே வரும் வரமல்லவா, ஐயா? எனக்கு வருமா?" என்று கேட்டான் என் மாணவன் ஒருவன். அவன் முன்னே ஒரு மண்குடம். தாளிலே அதன் ஓவியம். குடத்தின் வடிவம் கோணியிருந்தது. கோணலை மறைக்கச் சிவப்பின்மேல் சிவப்பாகப் பூசியிருந்தான். பூசப் பூசக் கோணல் பளிச்சிட்டதேயன்றி மறையவில்லை!

வரம்! விளங்காத எதற்கும் இவ்வொரு சொல்லையே விடையாக்கிப் பழகிவிட்டோம். இச்சொல்லால் உழைத்தவனின் உழைப்பு மறைகிறது. உழைக்க வேண்டியவனின் ஊக்கம் சாகிறது. எனவே, வரம் பெறாத ஒருவனின் கதையை அவனுக்குச் சொன்னேன்.

வின்சென்ட் வான்கோ என்றதும் சுழலும் விண்மீன்களும் சுடரும் மஞ்சளும் கண்முன் தோன்றும். வெறியின் வேகத்தில் வண்ணத்தை வாரி இறைத்தவன் என்று கதை கட்டியோர் பலர். உண்மை என்ன? 1853-இல் ஆலந்து நாட்டில் பிறந்த அவன், பெல்ஜியத்தின் போரினேஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் சமயப் பணியாற்றி, அப்பணியை இழந்து, 1880-இல், இருபத்தேழாம் அகவையில்தான் ஓவியனாவது என்று முடிவு செய்தான். உடனே வண்ணக் குழம்பைத் தேடி ஓடினானா? இல்லை, கரித்துண்டை எடுத்தான். சார்லஸ் பார்க் என்பார் உருவாக்கிய வரைகலைப் பாடத்தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தான். மில்லேயின் உழவர்களை வரைந்தான். அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றும் கணக்கைப் பிடிக்க, இழை கட்டிய மரச்சட்டம் ஒன்றைச் செய்வித்து, அதன் வழியே உலகை அளந்தான். எண்ணெய் வண்ணத்தில் அவன் முனைந்து இறங்கியது 1882-இல்தான்.

1885-இல் அவன் தீட்டிய 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்தைக் காணுங்கள். மங்கிய விளக்கொளி, அதனடியில் ஐவர். கண்ணைக் கவரும் வண்ணம் அதில் ஏது? மண் அப்பிய கிழங்கின் நிறந்தான் எங்கும். ஓவியத்தைத் தாங்கி நிற்பவை, முடிச்சு முடிச்சான அக்கைகள்! மண்ணைத் தோண்டிய கைகளே உணவுத் தட்டை நோக்கி நீள்கின்றன என்பதை வண்ணமா சொல்கிறது? கோடு சொல்கிறது. முகங்களையும் கைகளையும் மாதக்கணக்கில் வரைந்தும் தீட்டியும் பழகியதன் விளைவு அது. அவ்வோவியத்தின் கல்லச்சுப் படியைக் கண்ட நண்பன் ராப்பார்ட், உடலமைப்பில் பிழையுண்டு என்று கடிந்தான். பிழை இருக்கலாம்; பொய் இல்லை!

"கோடு ஏறிச்செல்லும் ஏணி, வண்ணம் வந்ததும் உதறிவிடலாம்" என்பாரும் உளர். 1888-இல் ஆர்ல் நகரில் வான்கோ நாணற்பேனாவால் வரைந்தவற்றை அவர்கள் பார்க்கட்டும். அங்கே புள்ளியாகவும் சிறுகீற்றாகவும் சுழியாகவும் ஓடிய கோடுகளே அவனது தூரிகைத் தடங்களாயின. பத்தாண்டுகளில் அவன் தீட்டிய எண்ணெய் ஓவியங்கள் 800-க்கு மேல். தாளில் வரைந்தவையோ 1,000-க்கு மேல்! ஏணியை உதறியவன் கணக்கா இது?

மாணவனிடம் திரும்பினேன். "குடத்தின் வாயை ஏன் முழுவட்டமாக வரைந்தாய்?" என்றேன். "அது வட்டந்தானே, ஐயா?" என்றான். "நீ உட்கார்ந்த இடத்திலிருந்து பார், வட்டமாகவா தெரிகிறது?" பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "முட்டை வடிவாயிருக்கிறதே!" என்றான் வியப்புடன்.

அறிந்ததாக எண்ணியதை வரைந்தான், கண்டதை வரையவில்லை. சொன்னதை நம்பாதே, கண்ணால் அள, அளந்ததைத் தாளில் சரிபார், தவறென்றால் அழித்துத் திருத்து! வரைதல் கற்பிக்கும் இப்பாடம் ஓவியனுக்கு மட்டுமா வேண்டும்? இத்தகைய பாடவேளையைத்தான், தேர்வு நெருங்கினால் முதலில் பறித்து வேறு பாடத்துக்குத் தருகிறார்கள்!

மறுநாள் அவன் வண்ணப்பெட்டியைத் திறக்கவில்லை. கரித்துண்டோடு குடத்தின் எதிரே அமர்ந்தான். வரம் வருமா என்ற கேள்வி அதன்பின் அவன் வாயில் எழவில்லை.