கல்யாணின் சிறு தமிழ்ச் சபைகள்: ஊழியத்தின் நிறையும் குறையும்

மும்பைப் பெருநகர வட்டாரத்தின் தமிழ்க் கிறிஸ்தவ வாழ்வில் சிறு சபைகளுக்குத் தனி இடம் உண்டு. பேராயத்தோடு இணைந்த பழைய ஆலயங்களில் சொந்தக் கட்டடம், கமிட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவரும் குருவானவர் என்று ஓர் ஏற்பாடு இருக்கும். சிறு சபையில் இவை எதுவும் இருப்பதில்லை. இருபது முப்பது குடும்பங்கள் ஒரு போதகரைச் சுற்றிக் கூடும். கூடுமிடம் வாடகை ஹாலாகவோ சால் வீட்டு மாடியறையாகவோ பள்ளி வகுப்பறையாகவோ இருக்கும். கல்யாண் கிழக்கில் தொடங்கி உல்லாஸ்நகர், அம்பர்நாத் வரை இத்தகைய தமிழ்ச் சபைகள் இயங்கிவருகின்றன. ஞாயிறு ஆராதனையோடு இவற்றின் வேலை முடிவதில்லை. வீடு சந்திப்பு, நோயாளருக்குத் துணை, பிள்ளைகளுக்கான வகுப்பு, அக்கம்பக்கத்தாருக்கான உதவி எல்லாமே இங்கே ‘ஊழியம்’ என்ற சொல்லில் அடங்கும். அந்த ஊழியம் எங்கே பலன் தருகிறது, எங்கே பழுதுபடுகிறது என்று எடைபோட்டுப் பார்ப்பது சபையாருக்கும் பயன்படும், அவர்களோடு ஒரே தெருவில் வாழ்வோருக்கும் பயன்படும்.

பின்னணி

கல்யாணில் கிறிஸ்தவத்தின் சுவடு பழையது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் இண்டிகோபிளூஸ்டெஸ் என்ற கிரேக்க வணிகர் எழுதிய நூல், ‘கல்லியானா’ என்ற இடத்தில் பாரசீகத்தில் நியமனம் பெற்ற பேராயர் ஒருவர் இருந்ததாகச் சொல்கிறது. அந்த இடம் இன்றைய கல்யாண்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்றைய தமிழ்ச் சபைகள் அந்த மரபின் தொடர்ச்சி அல்ல; அவை ரயில் பாதையோடு வந்தவை. 1853இல் பம்பாயிலிருந்து தாணேவரை ஓடிய ரயில், 1854இல் கல்யாணை எட்டியது. புனே வழியாகத் தெற்கே செல்லும் பாதையும் நாசிக் வழியாக வடக்கே செல்லும் பாதையும் பிரியும் சந்திப்பாக அது வளர்ந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பை தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த குடும்பங்கள் பல. வாடகை ஏற ஏற, இத்தகைய குடும்பங்களில் ஒரு பகுதி மத்திய ரயில் தடத்தையொட்டிக் கல்யாண் பக்கம் நகர்ந்தது.

அவர்கள் ஊரிலிருந்து தங்கள் சபைப் பழக்கங்களையும் கொண்டுவந்தார்கள். ஸ்தோத்திரப் பண்டிகை, அசனம் என்னும் பொது விருந்து, சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைத்துச் சேர்க்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை ஆகியவை அவற்றுள் சில. வெளியார் கையை எதிர்பாராமல் ஊழியம் செய்வதும் அந்த மண்ணின் மரபே. வே. ச. அசரியா உள்ளிட்டோர் 1903இல் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம், உள்ளூர்க் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பியது. கல்யாணின் சிறு சபையை எடைபோட இந்த மரபையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

நிறைகள்

சிறு சபையின் முதல் பலம், அது மக்களின் நேரத்துக்குத் தன்னை வளைத்துக்கொள்வது. கல்யாணிலிருந்து மும்பையின் சிஎஸ்எம்டி ரயில் நிலையம் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். விடியுமுன் லோக்கல் ரயில் ஏறுபவர் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். ஞாயிற்றுக்கிழமையிலோ பராமரிப்புக்காக ரயில்களைக் குறைத்து நிறுத்தும் ‘மெகா பிளாக்’. அன்று மாட்டுங்காவிலோ தாராவியிலோ உள்ள ஆலயத்துக்குக் குடும்பத்தோடு போய்வர அரை நாள் போதாது. பக்கத்துத் தெருச் சபை இந்தச் சிரமத்தைத் தீர்க்கிறது. குடும்ப ஜெபம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கும். பெண்களின் உபவாச ஜெபம் வாரநாளில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு நடக்கும். ஞாயிறு வராதவர் யார், ஏன் வரவில்லை என்பது திங்களன்றே தெரிந்துவிடும்.

இந்த நெருக்கத்தின் மதிப்பு ஆஸ்பத்திரியில்தான் முழுதாகத் தெரியும். ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால், மும்பை சயான் ஆஸ்பத்திரியில் நோயாளர் பதிவுச்சீட்டு தரும் கேஸ் பேப்பர் ஜன்னலே முதல் தடை. அங்கே மராட்டியும் இந்தியும்தான் செல்லும். சபையிலிருந்து இந்தி தெரிந்த ஓர் அக்கா முதல் லோக்கலைப் பிடித்து உடன்போவார். வரிசையில் நின்று சீட்டு எடுப்பார், எந்த வார்டு என்று விசாரிப்பார், மருத்துவர் சொன்னதைத் தமிழில் விளக்குவார். இரத்தம் தேவைப்பட்டால் வாலிபர் கூட்டத்திலிருந்து ஆள் வரும். இரவில் துணையிருக்க முறை வைத்துக்கொள்வார்கள். டிபன் டப்பா ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டிலிருந்து போகும். சமூகப் பணி என்று பெயர்ப்பலகை எதுவும் இதற்கு இல்லை, ஆனால் நடப்பது அதுதான்.

2020 மார்ச்சில் லோக்கல் ரயில்கள் நின்று தினக்கூலி அற்றுப்போனபோதும் இந்த நெருக்கம் கைகொடுத்தது. வாய்விட்டுக் கேட்கக் கூசும் குடும்பங்கள் எவை என்பது சிறு சபைக்குத் தெரியும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கணக்கெடுக்க அதற்குப் படிவம் தேவைப்படவில்லை. கைப்பிடி அரிசிப் பழக்கமுள்ளவர்களுக்கு அரிசியும் பருப்பும் பங்கிட்டுக்கொள்வது புதிதும் அல்ல. பெரிய அமைப்புகளின் நிவாரணம் பட்டியல் வழியாக நகர்ந்தது, இவர்களுடையது வாசல் வழியாகப் போனது.

பெண்களுக்குக் கிடைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. பிரசங்க மேடை ஆண்களுடையதாகவே இருந்தாலும், வீடு சந்திப்பையும் ஞாயிறு பள்ளியையும் ஜெபக் குழுவையும் நடத்துவோர் பெரும்பாலும் பெண்களே. வீட்டு வேலைக்குப் போய்வரும் ஒருவர் பத்துப் பெண்களை வழிநடத்தும் பொறுப்பைப் பெறுகிறார். அந்தப் பொறுப்பைத் தரும் இடங்கள் அவருடைய வாழ்வில் வேறு அதிகம் இல்லை.

குறைகள்

குறைகளுக்கெல்லாம் தாய், எல்லாம் ஒரே ஆளின் கையில் இருப்பது. வாடகை ஒப்பந்தம் போதகர் பெயரில் இருக்கும்; காணிக்கையும் தசமபாகமும் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கே போகும். வரவு செலவை வேறு எவரும் பார்ப்பதில்லை. நேர்மையானவர்கூடத் தம் நேர்மையைக் காட்ட வழியில்லாத ஏற்பாடு இது. அவர் நோயுற்றாலோ மறைந்தாலோ சபைக்கு அடுத்த வாரமே கேள்விக்குறி. கருத்து வேறுபாடு வந்தால் பேசித் தீர்க்க அமைப்பு எதுவும் இல்லாததால், அதிருப்தியுற்றவர் நாலு குடும்பத்தோடு பிரிந்து அடுத்த தெருவில் இன்னொரு சபை தொடங்குகிறார். ஒரு சபையின் ஆட்கள் இன்னொன்றுக்கு மாறுவதே வளர்ச்சியாக எண்ணப்படுகிறது.

இரண்டாவது, சட்டத்தின் பக்கம் காட்டும் அலட்சியம். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், திருமணம் நடத்திவைக்கத் தகுதியுள்ளவர் யார் என்று வரையறுக்கிறது. எந்தத் திருச்சபையின் குருப்பட்டமும் பெறாத, அரசு உரிமமும் இல்லாத போதகர் நடத்தும் திருமணம் சபையார் கண்ணுக்குத் திருமணமாக இருக்கலாம். பாஸ்போர்ட், ஓய்வூதியம், சொத்து என்று வரும்போது சங்கடம் மணப்பெண்ணுக்கே. அடக்கத்துக்கு இடம் தேடுவது இன்னொரு சிக்கல். ஞாயிறு பள்ளி நடத்துவோருக்கும் கடமை உண்டு. பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. சபையின் பெயர் கெடும் என்று மூடிவைப்பதற்கு அதில் இடமில்லை.

மூன்றாவது, சுகமளிக்கும் ஜெபம் மருத்துவத்தின் இடத்தைப் பிடிக்க முயல்வது. நோயாளிக்காக ஜெபிப்பது ஆறுதல். மாத்திரையை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்று போதிப்பதோ கேடு. காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சாதாரணக் காசநோய்க்குக்கூட அதைக் குறைந்தது ஆறு மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும். இடையில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக முற்றி, ஒரே அறையில் படுக்கும் வீட்டாரையும் தாக்கக்கூடும். மும்பை வட்டாரம் ஏற்கெனவே இந்த வகை நோயோடு போராடிவரும் பகுதி. சுகம் பெற்றதாகச் சாட்சி சொல்ல மேடையேறுகிறவரிடம் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று அதே மேடையில் போதகர் சொல்வது ஓர் உயிரைக் காக்கும்.

நான்காவது, உதவியையும் மதமாற்றத்தையும் ஒன்றோடொன்று பிணைப்பது. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அரிசிப் பையோடு கைப்பிரதியையும் நீட்டும்போது வாங்குகிறவருக்கு மறுக்கும் சுதந்திரம் குறைந்துவிடுகிறது. தலித் குடும்பங்கள் விஷயத்தில் பொறுப்பு இன்னும் கூடுகிறது. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாரை மட்டுமே பட்டியலில் ஏற்கிறது. கிறிஸ்தவரானால் அந்தப் பட்டியலுக்குரிய சலுகை போய்விடும். தலித் கிறிஸ்தவர்களுக்கு இது அநீதி என்ற வாதம் வலுவானது. ஆயினும் ஞானஸ்நானத்துக்கு முன் இதை எடுத்துச் சொல்லாத போதகர், ஒரு குடும்பத்தின் வாழ்வைப் பாதிக்கும் உண்மையை மறைத்தவராகிறார்.

ஐந்தாவது, மொழிச் சுவர். மிஷனெரி டொனால்டு மெக்காவ்ரன் 1955இல் வெளியிட்ட ‘தேவனுடைய பாலங்கள்’ என்ற ஆங்கில நூலில், மக்கள் தங்கள் இனத்தாரோடும் உறவினரோடும் சேர்ந்தே சபைக்கு வருகிறார்கள் என்று வாதிட்டார். மத்திய இந்தியாவில் பணியாற்றிய அனுபவம் அவருடையது. கல்யாணின் தமிழ்ச் சபைகள் வளர்ந்த விதமும் ஏறக்குறைய அதுவே. ஆனால் அதே போக்கு, சபையை ஒரே ஊராரின், சில வேளை ஒரே சாதியாரின் கூட்டமாகச் சுருக்கிவிடுகிறது. பக்கத்து வீட்டு மராட்டியர் சபையின் ஒலிபெருக்கியை மட்டுமே அறிவார், சபையாரை அறியார். இதற்கு மாறாக, 1882இல் பம்பாயில் வந்திறங்கிய இரட்சணிய சேனையின் பிரெடரிக் டக்கர், இந்திய உடையும் இந்தியப் பெயரும் பூண்டு மக்களோடு கலந்தார். தலைமுறைகளாக மகாராஷ்டிரத்தில் வாழும் சபையில் மராட்டியில் பேச ஆளில்லை என்றால் அது பெருங்குறை. சபைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். அவர்களும் அந்தச் சுவருக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

திருத்தத்துக்கான வழி

இக்குறைகளுக்கு மருந்து சபையின் மரபிலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டபோது, அந்தப் பணிக்கென ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். போதனை அப்போஸ்தலர்களிடமும் பங்கீடு வேறு சிலரிடமும் இருந்தன. எருசலேமின் ஏழைகளுக்குத் திரட்டிய காணிக்கையைப் பவுல் தனியே கொண்டுபோகவில்லை. சபைகள் நியமித்தவர்களை உடன் சேர்த்துக்கொண்டார். பணம் விஷயத்தில் குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதே காரணம்.

இதைக் கல்யாணின் நடைமுறைக்குக் கொண்டுவருவது கடினமன்று. மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டம், 1950இன்கீழ் சபையைப் பதிவுசெய்து, சபையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கி, இருவர் கையெழுத்தில் பணம் எடுக்கலாம். மாதக் கணக்கைச் சபை முன் வாசிக்கலாம். உதவிக்கும் ஞானஸ்நானத்துக்கும் தொடர்பில்லை என்பதை எழுத்திலேயே வைக்கலாம். நாலைந்து சிறு சபைகள் சேர்ந்து ஆஸ்பத்திரித் துணைக்கு ஒரு குழுவையும், திருமணப் பதிவுக்கும் அடக்கத்துக்கும் ஒரு பொது ஏற்பாட்டையும் வைத்துக்கொள்ளலாம். மராட்டி படித்த அடுத்த தலைமுறையிடம் அக்கம்பக்கத்துப் பணியை ஒப்படைக்கலாம். இவற்றில் எதற்கும் வெளிநாட்டுப் பணம் தேவையில்லை. தேவைப்படுவது போதகர் தம் அதிகாரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பதுதான்.

சிறு சபை பெரிதாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன் பயன் முழுவதும், ஒவ்வொரு வீட்டையும் அறிந்திருக்கும் அதன் சிறிய அளவிலிருந்தே வருகிறது. எவருக்கும் கணக்குச் சொல்லாமல் தனித்து நிற்பதே அதைக் கெடுக்கிறது. கணக்கைத் திறந்துவைத்து, பக்கத்துச் சபையோடு கைகோத்து, சபையில் சேராதவருக்கும் அதே அக்கறையோடு உதவும் சிறு சபை எதுவோ, அதுவே கல்யாணின் உழைப்பாளித் தமிழருக்கு உண்மையான துணை. அந்த மூன்றையும் செய்ய மறுக்கும் சபையின் ஊழியம், எத்தனை ஆண்டு நடந்தாலும், ஒருவருடைய சொந்த முயற்சியாகவே முடியும்.