இலைக்கடியில் வைத்த தாலி

'சின்னக் கவுண்டர்' (1992) படத்தின் மொய் விருந்துக் காட்சியைப் பற்றி, பனியன் தொழிலை நம்பியிருக்கும் எங்கள் ஊத்துக்குளிப் பக்கம் பேச்செடுத்தால், வசனத்தை யாரும் சொல்லமாட்டார்கள். சாப்பிட்ட விஜயகாந்த் இலைக்கடியில் தாலியை வைத்துவிட்டுப் போனதைத்தான் சொல்வார்கள். கடன்பட்டவர் விருந்து வைப்பார், வந்தவர்கள் உண்டு முடித்துப் பணம் வைப்பார்கள் என்ற வழக்கத்தை ஆர்.வி. உதயகுமார் முதலிலேயே நமக்குப் புரியவைத்துவிடுகிறார். அதனால் பணம் இருக்கவேண்டிய இடத்தில் தாலியைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிடுகிறது. ஒரு சின்ன விவரத்தை எடுத்துவிட்டால் காட்சியே நிற்காது என்றிருப்பதுதான் என் கணக்கில் நுணுக்கம்.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' (2008) இன்னும் ஆழமாகப் போகிறது. மகளைப் பட்டுச்சேலை கட்டிக் கல்யாணம் செய்துகொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி, வேலை செய்யும் இடத்திலிருந்து பட்டு நூலை வாய்க்குள் அடக்கிக் கடத்துகிறான். துணியை நம்பிப் பிழைக்கும் ஊரில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். சக நெசவாளிகளுக்காகக் கூலி கேட்டுப் பேசிய வாய் அது. அதே வாயில் இப்போது திருட்டு நூல், பேச முடியாது. அவனுடைய வீழ்ச்சியைச் சொல்ல இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த நடிப்பில் இந்த அடைத்த வாய்க்கும் பங்குண்டு.

நுணுக்கம் கொஞ்சம் மிஞ்சிப்போவதும் உண்டு. 'பரியேறும் பெருமாள்' (2018) இரண்டு டீ கிளாஸ்களோடு முடிகிறது. நடுவில் ஒரு மல்லிகைப் பூ. கிளாஸ்களே எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. பூ வந்ததும், பார்த்தீர்களா என்று இயக்குநர் நம் தோளைத் தட்டுவதுபோல் எனக்குப் படுகிறது. மிகச் சிறந்த முடிவுதான். இருந்தும் பூ இல்லாமலேயே அது நின்றிருக்கும்.

இன்றைய பெரிய குறை வேறு. ரசிகர்கள் கண்டுபிடிக்கட்டும் என்றே இயக்குநர்கள் சில விவரங்களை ஒளித்து வைக்கிறார்கள். லோகேஷ் கனகராஜின் 'கைதி'யில் (2019) சிறையிலிருந்து வந்த நாயகன் டில்லி பிரியாணியை அள்ளி அள்ளித் தின்னும்போது, அத்தனை வருஷச் சிறைச் சோறும் நமக்குத் தெரிகிறது. ஆனால் அவரே எடுத்த 'விக்ரம்' (2022) முடிவில் 'கைதி'யின் வில்லன்களான அன்பும் அடைக்கலமும் வந்து நிற்கிறார்கள். முந்தைய படத்தைப் பார்க்காதவருக்கு அவர்கள் யாரோ இரண்டு பேர். கண்டுபிடித்த ரசிகரின் சந்தோஷம் உண்மையானது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் கதாபாத்திரத்தின் மனசுக்குள் நம்மை ஒரு அடிகூடக் கூட்டிப்போவதில்லை.

இப்படி ஒளித்து வைக்கச் செலவழிக்கும் அக்கறை, வேலையைக் காட்டும்போது காணாமல் போகிறது. நான் பார்த்த படங்களில் பனியன் கம்பெனி என்றால் வரிசையாக மெஷின்கள், நடுவில் கதாநாயகி, அவ்வளவே. கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங் என்று பல கை மாறித்தான் ஒரு பனியன் முடிகிறது. ஷிப்ட் முடிந்து ஊத்துக்குளிக்கு பஸ் ஏறும் பெண்ணின் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அதை ஒரு நொடி காட்டினால் அவளுடைய பகல் முழுவதும் திரைக்கு வந்துவிடும்.

எங்கள் பக்கம் படமெடுக்க வருகிற இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற ஏதாவதொரு கம்பெனியில் காலை முதல் ராத்திரிவரை கூடவே இருந்து பாருங்கள். வசனத்தை அதற்கப்புறம் எழுதுங்கள்.