விழுக்காடு மட்டும் போதாது: ரத்தத் தொற்றை உலகம் எண்ணும் முறை

ரத்தத்தில் பாக்டீரியா புகுந்து பெருகினால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். 2017-இல் உலகில் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) வந்தது, அதையொட்டி 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்று 2020-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு சொல்கிறது. அது மதிப்பீடு. ஒவ்வொரு நோயாளியையும் எண்ணிப் பெற்ற தொகை அல்ல, ஏனென்றால் பெரும்பாலான நாடுகளில் அப்படி யாரும் எண்ணுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க உருவான பன்னாட்டுக் கூட்டு முயற்சிகளை இங்கே மூன்று கேள்விகளால் எடைபோடுகிறேன். ஒரு லட்சம் மக்களில் எத்தனை பேருக்கு ரத்தத் தொற்று வருகிறது என்று அவை சொல்கின்றனவா? அது கூடுகிறதா, குறைகிறதா என்று காட்டுகின்றனவா? கணக்கில் வராமல் போகிறவர்கள் யார் என்று தெரிவிக்கின்றனவா?

பரப்பில் மிகப் பெரியது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற ஆன்டிபயாடிக் எதிர்ப்புக் கண்காணிப்பு. 2023-ஆம் ஆண்டுக்கு 104 நாடுகள் தரவு அனுப்பின. 2016 முதல் 2023 வரை ஆய்வகத்தில் உறுதியான தொற்றுகள் 2.3 கோடிக்கும் மேல் அதில் சேர்ந்தன. 2023-இல் உறுதியான தொற்றுகளில் ஆறில் ஒன்று ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாதது என்று 2025 அறிக்கை கூறியது. பத்தாண்டுகளுக்கு முன் இத்தனை நாடுகள் ஒரே முறையில் தரவு தருவது நினைத்துப் பார்க்க முடியாதது. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சிக்கல், அது தரும் எண்ணின் தன்மையில் இருக்கிறது. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் கிளாஸ் தரவைக் கொண்டு அளக்கும் ஒரு குறியீடு உண்டு. ரத்தத்தில் கண்ட ஈ.கோலையில் எத்தனை விழுக்காடு மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படவில்லை, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் எத்தனை விழுக்காடு மெதிசிலின் மருந்துக்குக் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ. வகை என்பதே அந்தக் குறியீடு. இந்த விழுக்காடு, யாருக்கு பிளட் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து மாறிவிடும். வசதி குறைந்த மருத்துவமனைகள் பலவற்றில், இரண்டு மூன்று ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்காத பிறகுதான் ரத்தம் ஆய்வகத்துக்குப் போகிறது. எளிய மருந்துக்கே குணமானவர் பதிவேட்டில் வருவதே இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமி மட்டும் வந்து சேர்வதால் விழுக்காடு ஏறிவிடுகிறது.

இதற்குச் சான்று கிளாஸின் 2022 அறிக்கையிலேயே உண்டு. தரவு தந்த நாடுகளின் நடுமதிப்பு ஈ.கோலைக்கு 42 விழுக்காடு, எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு 35. பரிசோதனை பரவலாக நடக்கும் நாடுகளை மட்டும் எடுத்தால் அவை முறையே சுமார் 11, 7 என்று இறங்கின. இந்த இடைவெளி முழுவதும் கணக்குப் பிழை என்று சொல்ல முடியாது. பரிசோதனை அதிகமுள்ளவை பெரும்பாலும் பணக்கார நாடுகள். அங்கே எதிர்ப்புத்திறன் உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். எவ்வளவு உண்மை, எவ்வளவு தெரிவுப் பிழை என்று பிரித்தறிய அந்த எண்ணில் வழியில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

எதிர்த்திசையில் நிற்கிறது பன்னாட்டு ரத்த பாக்டீரியாக் கண்காணிப்புக் கூட்டமைப்பு. கனடாவின் கால்கரி, ஆஸ்திரேலியாவின் கான்பெரா, டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் 2009-இல் இதன் செயல்முறையை வெளியிட்டார்கள். எல்லை வகுத்த ஒரு வட்டாரம், அதில் வசிப்போர் தொகை, அவர்களின் பிளட் கல்ச்சர் எல்லாம் வந்துசேரும் ஆய்வகம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் சேர்க்கை. 2000 முதல் 2008 வரையான தரவைத் திரட்டி, 8.3 கோடி நபர்-ஆண்டுகளில் (ஒருவரை ஓராண்டு கண்காணித்தால் ஒரு நபர்-ஆண்டு) 18,430 ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத் தொற்றுகளை எண்ணினார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 26.1 என்பது வயது, பாலின வேறுபாடுகளைச் சீராக்கிய பின் அவர்கள் கண்ட விகிதம். மெதிசிலினுக்குக் கட்டுப்படுபவை 24.2, எம்.ஆர்.எஸ்.ஏ. 1.9.

இரண்டையும் தனித்தனியே எண்ணியதன் பயன் பெரிது. எம்.ஆர்.எஸ்.ஏ. விழுக்காடு குறைந்தால், அந்தக் கிருமி குறைந்ததாலா, சாதாரண வகை பெருகியதாலா என்று விழுக்காட்டிலிருந்து தெரியாது. எடுத்துக்காட்டாக, இங்கிலாந்து 2001 முதல் எம்.ஆர்.எஸ்.ஏ. ரத்தத் தொற்று ஒவ்வொன்றையும் மருத்துவமனைகள் அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2003–04-இல் 7,700-ஐ ஒட்டியிருந்த எண்ணிக்கை 2008–09-இல் 3,000-க்குக் கீழே வந்தது. பின்னாளில் மெதிசிலினுக்குக் கட்டுப்படும் வகையையும் எண்ணத் தொடங்கியபோது அது ஏறுமுகத்தில் இருப்பது தெரியவந்தது. விழுக்காட்டை மட்டும் பார்த்திருந்தால் இதையும் வெற்றியின் பங்காகவே எழுதியிருப்பார்கள்.

ஆக, முதல் இரண்டு கேள்விகளில் கூட்டமைப்பே தேறுகிறது. மூன்றாவதில் அதுவும் தோற்கிறது. அதன் வட்டாரங்கள் எல்லாம் செல்வ நாடுகளில் இருக்கின்றன. நோயின் பெருஞ்சுமையோ ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் இருக்கிறது. முறை சரியாக இருந்தும் ‘பன்னாட்டு’ என்ற உரிமைகோரல் பாதிதான் நிறைவேறியிருக்கிறது.

ஏழை நாடுகளில் இந்த முறை நடக்காது என்பார்கள். நடந்திருக்கிறது. கென்யாவின் கிலிஃபி மாவட்ட மருத்துவமனையில் 1998 முதல், சேர்க்கப்பட்ட குழந்தைகள் எல்லோருக்கும் பிளட் கல்ச்சர் எடுத்தார்கள். அங்கே இறந்த குழந்தைகளில் 26 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் பாக்டீரியா இருந்ததை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. மலேரியாவை மட்டுமே தேடிய கண்களுக்கு அது புலப்பட்டிருக்காது. நம் பக்கத்திலும் சான்று உண்டு. வேலூர் சி.எம்.சி. முன்னின்று 2017 முதல் 2020 வரை நடத்திய டைபாய்டு கண்காணிப்பில், நான்கு ஊர்களில் சுமார் 24,000 குழந்தைகளை வாரந்தோறும் விசாரித்து, காய்ச்சல் நீடித்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒரு லட்சம் குழந்தை-ஆண்டுகளுக்கு வேலூரில் 1,173 பேருக்கும் புனே அருகே கிராமப்புறத்தில் 35 பேருக்கும் டைபாய்டு உறுதியானது. ஒரே நாட்டுக்குள் முப்பது மடங்கு வேறுபாடு! தடுப்பூசி, குடிநீர்க் குழாய் இவற்றுக்கான பணம் முதலில் எங்கே போக வேண்டும் என்று இந்த எண் சொல்கிறது. எந்த மருத்துவமனை விழுக்காடும் அதைச் சொல்லியிராது.

செலவு அதிகம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எந்த மருந்தை முதலில் தொடங்குவது என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கு, குறைபாடுள்ள விழுக்காடும் உதவும். அதனால் கிளாஸைக் கைவிடச் சொல்லவில்லை. அதை எச்சரிக்கையாக வாசிக்கலாம். நாடுகளை வரிசைப்படுத்தவும் முன்னேற்றத்தை அளக்கவும் அதன் குறியீட்டைப் பயன்படுத்துவது தவறு. ஒவ்வொரு விழுக்காட்டோடும் எத்தனை பேரின் ரத்தம் சோதிக்கப்பட்டது என்பதும், அவர்கள் எந்த மக்கள்தொகையிலிருந்து வந்தவர்கள் என்பதும் சேர்ந்தே அச்சாக வேண்டும்.

ஏழை நாடுகளின் ஆய்வகங்களுக்குக் கைகொடுத்த ஃபிளெமிங் நிதியை பிரிட்டன் அரசு நிறுத்துவதாக 2025-இல் அறிவித்த நிலையில், எஞ்சியுள்ள பணத்தை நூறு நாடுகளுக்கும் மெல்லியதாகப் பரப்புவது வீண். கிலிஃபி, வேலூர் போல எல்லை தெளிவான வட்டாரங்களை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தேர்ந்து, அங்கே ஆண்டுக்கணக்கில் விடாமல் எண்ண வேண்டும். பரப்பைவிட ஆழத்துக்கே முதலிடம் என்பதே என் தீர்ப்பு. ஓர் ஊரை முழுதாக எண்ணினால் அந்த ஊருக்காவது சிகிச்சையும் தடுப்பும் சரியாகத் திட்டமிட முடியும்.