தேய்மானத்தின் முகவரி

திருநின்றவூரில் பழைய ஓட்டு வீடு ஒன்றை இடித்து அடுக்குமாடி எழுப்ப முடிவானால், உள்ளே கிடந்த சாமான்களுக்கு இரண்டே வழிகள். ஒன்று காயலான் கடை. கதவு சரியாக மூடாத இரும்புப் பெட்டியும் தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் காலும் அங்கே கிலோ விலைக்குப் போகின்றன. பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி செய்யும் ஆலைகள் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் இருக்கின்றன. தாத்தாவின் இரும்புப் பெட்டி பேரனின் அடுக்குமாடித் தூணுக்குள் கம்பியாகத் திரும்பி வந்தாலும் வியப்பதற்கில்லை. மற்றொரு வழி, பழம்பொருள் சேகரிப்பவரின் கை. அவருக்குத் துருவும் கீறலும் குறைகளாகத் தெரிவதில்லை. அவற்றுக்காகவே கூடுதல் விலை தருகிறார். உலையா, கண்ணாடி அலமாரியா என்று கேட்டால் எவரும் அலமாரியைத்தான் காட்டுவார்கள். ஆனால் சேகரிப்பவருக்கு அது மிகச் சுலபமான தேர்வு. உலையிலிருந்து பொருள் தப்பியதாலேயே அதன் வரலாறும் தப்பிவிட்டதா என்பதுதான் கடினமான கேள்வி. தேய்ந்த பொருளுக்கு நாம் தரும் விலை அதன் கடந்த காலத்துக்குத் தரும் விலை. அந்தக் கடந்த காலத்துக்கு ஓர் ஊர் உண்டு, ஒரு வீடு உண்டு, புழங்கிய கைகள் உண்டு. அவற்றைக் குறித்துக்கொள்ளாமல் பொருளை மட்டும் தூக்கிச் செல்லும் சேகரிப்பு, எதற்காகப் பணம் கொடுத்ததோ அதையே வாசலில் விட்டுவிட்டுப் போகிறது.

சேகரிக்கும் பழக்கத்தின் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அருங்காட்சியகங்களின் கண் பெரும்பாலும் சிற்பம், செப்பேடு, நாணயம் என்றே ஓடும். கல்யாணப் பத்திரிகையும் நாடக நோட்டீஸும் வெற்றிலைச் செல்லமும் அந்தப் பட்டியலில் நுழைவது அரிது. அவற்றைத் தனி மனிதர்களின் பித்துதான் காப்பாற்றியிருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பிறர் குப்பை என்று ஒதுக்கிய தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டுத் தாள்களையும் பல ஆண்டுகள் திரட்டினார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994-ல் அதுவே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படையாயிற்று. அத்தகைய பித்தர்களுக்குத் தீனி போட்ட சந்தைகளும் நம்மிடம் இருந்தன. 1900-ல் திறக்கப்பட்டு 1985 மே மாதத் தீயில் அழிந்த மூர் மார்க்கெட் அவற்றுள் தலையாயது. திருநின்றவூர் வழியாக அரக்கோணம் செல்லும் மின்ரயில்கள் புறப்படும் முனையம் இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றே அழைக்கப்படுகிறது. பழம்பொருள்களின் சந்தையே பெயராக மட்டும் எஞ்சியிருப்பது, இவ்வுலகம் எவ்வளவு எளிதில் கரைந்துவிடக் கூடியது என்பதற்குப் போதுமான சான்று. சேகரிப்பவர் இல்லையென்றால் நம் அன்றாட வாழ்வின் பெரும்பகுதிக்குத் தடயமே மிஞ்சியிருக்காது.

அந்தத் தடயம் பெரும்பாலும் தேய்மானத்தில்தான் இருக்கிறது. 1956-ன் எடை, அளவுச் சட்டப்படி 1958 அக்டோபர் தொடங்கிப் படிப்படியாக மெட்ரிக் முறை வந்தபோது, படியும் மரக்காலும் சேரும் வீசையும் கடைகளிலிருந்து விடைபெற்றன. இன்று கைக்குக் கிடைக்கும் ஒரு பழைய படியில் முத்திரை இருந்தால், அது அரசு சரிபார்த்த அளவை என்று தெரிகிறது. விளிம்பு நசுங்கியிருந்தால், அதனால் அளந்து வாங்கியவருக்கு அரிசி குறைந்திருக்கலாம் என்ற சந்தேகமும் எழுகிறது. சீர் கொடுத்த பாத்திரங்களில் பேர் வெட்டும் வழக்கமும் அப்படித்தான். ஒரு வெண்கலப் பானையின் கழுத்தில் கொடுத்தவர் பெயரும் தேதியும் இருக்குமானால் அந்தப் பானையே ஓர் ஆவணம். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கியிருப்பது அதன் இரண்டாம் பக்கம்: எத்தனை ஆண்டுகள் அது பரணில் தூங்காமல் அடுப்படியில் புழங்கியது என்பதை அம்மழுங்கல் சொல்லும். புதிதுபோல் மெருகேற்றி விற்கும் வியாபாரியைவிட, மழுங்கிய எழுத்தைத் தடவிப் பார்க்கும் சேகரிப்பாளர் இங்கே ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் தேய்மானத்தை ரசிப்பது வேறு, வாசிப்பது வேறு. பெரும்பாலான சேகரிப்புகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. அம்மியை எடுத்துக்கொள்வோம். வழவழவென்று தேய்ந்த அம்மிதான் சேகரிப்பவரின் கண்ணுக்கு அழகு. அரைத்த பெண்ணுக்கோ அந்த வழவழப்பு தொல்லை. மசாலா நழுவும், மை போல் அரைபடாது. அதனால்தான் அம்மி கொத்துபவர் உளியோடு தெருத்தெருவாக வந்தார். அழகு என்று நாம் வாங்கும் தேய்மானம், கொத்தக் கூலி கொடுக்க முடியாமல் தள்ளிப்போட்ட ஒரு வீட்டின் கதையாகவும் இருக்கலாம். மின்சார மிக்ஸி வந்ததும் நிம்மதியாகக் கைவிடப்பட்ட கதையாகவும் இருக்கலாம். தமிழக அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான். அம்மியும் ஆட்டுக்கல்லும் வீட்டு வாசலுக்கு நகர்ந்ததை இழப்பு என்று மட்டும் எழுதுகிறவர், அவற்றை ஆட்டிய தோள்பட்டையை மறந்துவிடுகிறார். உணவு விடுதியின் முகப்பில் பூ மிதக்கும் தொட்டியாக நிற்கும் ஆட்டுக்கல்லில் அந்த உழைப்பின் சுவடு அப்படியே இருக்கிறது. அதைப் படிக்க உதவும் ஒரு வரிகூடப் பக்கத்தில் இல்லை. பழமையின் வாசம் மட்டும் மிஞ்சுகிறது.

ஒரு பொருளிலிருந்து அதன் இடத்தைப் பிரித்தால் எவ்வளவு இழக்கிறோம் என்பதற்கு இம்மாவட்டத்தைவிடத் தெளிவான பாடம் வேறெங்கும் கிடைக்காது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-ல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் இம்மாவட்டத்தின் பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். அவரும் அடிப்படையில் ஒரு சேகரிப்பாளர்தான். நாற்பது ஆண்டுகள் திரட்டிய கற்களை 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். ஆனால் எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் எழுதி வைத்ததால்தான் அக்குவியல் ஆய்வுக்குப் பயன்பட்டது. பின்னாளில் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் அடுக்கடுக்காக அகழ்ந்தார்கள். கருவி கிடந்த மண்ணின் வயதை அளந்தார்கள். இங்கே இடைப் பழைய கற்காலம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-ல் நேச்சர் இதழில் அறிவித்தார்கள். இங்கே பேசியது கல் மட்டுமில்லை. கல்லோடு சேர்ந்து அதைச் சூழ்ந்திருந்த மண்ணும் பேசியது. அதே அடுக்கிலிருந்து ஒரு கருவியை யாரேனும் முன்னரே பிடுங்கி வரவேற்பறை மேசையில் வைத்திருந்தால், அது வெறும் அழகான பேப்பர் வெயிட்டாக இருந்திருக்கும். கல்லுக்கு உண்மையானது வெண்கலச் சொம்புக்கும் உண்மை. சொம்புக்கு மண்ணடுக்கு இல்லை. அதற்குப் பதில், இது என் பாட்டிக்கு வந்த சீர் என்று சொல்லும் ஒரு வாய் இருக்கிறது. வீட்டோடு அந்த வாயும் கலைந்துபோனால் திரும்பக் கிடைக்காது.

இடத்தைக் கேட்காமல் வாங்கும் பழக்கத்தின் கொடிய முகத்தைக் கோயில் சிலைகளின் வரலாற்றில் பார்த்துவிட்டோம். தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976-ல் மண்ணிலிருந்து வெளிவந்த நடராசர் கைமாறிக் கைமாறி லண்டன் போனார். அவரை மீட்கும் வழக்கில் வல்லுநர்கள் ஆராய்ந்தவற்றுள் சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் உண்டு. 1991-ல் சிலை திரும்பியது. பளபளப்பாகத் தேய்த்துக் கழுவியிருந்தால் அந்தச் சாட்சிகள் வாய்க்கால் நீரோடு போயிருக்கும். ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து, போலி ஆவணங்களை நம்பி வாங்கியது. சிலை கோயிலில் இருந்ததைக் காட்டும், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படம் அப்பொய்யை உடைக்க உதவியது. 2014-ல் சிலை இந்தியாவுக்கு வந்தது. இரண்டு வழக்கிலும் பொருளைக் காப்பாற்றியது அதன் முகவரி. சேகரிப்பவர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: குத்துவிளக்கும் பாக்குவெட்டியும் வாங்குகிறவனைச் சிலைக் கடத்தலோடு சேர்த்துப் பேசுவது நியாயமா? குற்றத்தின் அளவில் நியாயமில்லைதான். 1972-ன் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்தவற்றையே தொல்பொருளாகக் கொள்கிறது, சுவடிகளுக்கு 75 ஆண்டு. ஐம்பது ஆண்டுப் பாக்குவெட்டியை அது தேடி வராது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேட்காதே என்னும் எழுதப்படாத மரியாதை இரு சந்தைகளுக்கும் பொது. சிறியதில் பழகிய மௌனம்தான் பெரியதுக்குத் திரையாகிறது.

அந்த மௌனத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. தேய்மானத்துக்கு மதிப்பு கூடியதும் தேய்மானத்தையே உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஆன்டிக் ஃபினிஷ் என்ற பெயரில் புதிய பித்தளையைக் கருக்கி விற்பது இப்போது வெளிப்படையான தொழில். அதில் ஏமாற்றும் இல்லை. அதே கைவேலை வெளியில் சொல்லப்படாமல் நடக்கும்போதுதான் சிக்கல். புதுத் தேக்கில் பழைய கீறலும் புதுப் பூட்டில் பழைய துருவும் ஏற்றுவது கைதேர்ந்தவருக்குக் கடினமே இல்லை. கண்ணால் மட்டும் பார்த்து ரசிப்பவருக்கு உண்மைத் தேய்மானத்துக்கும் செய்த தேய்மானத்துக்கும் வேறுபாடு தெரியாது; தெரிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அப்படியென்றால் அவர் வாங்குவது ஒரு வண்ணத்தையும் ஒரு சொரசொரப்பையும்தான். போலிகள் பெருகுவது சேகரிப்புக்கு நேர்ந்த விபத்தன்று. முகவரியைப் பொருட்படுத்தாத ரசனையின் இயல்பான விளைவு.

முகவரியைக் குறித்துவைக்க வேண்டும் என்பதற்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, சாதாரண வீட்டுக்காரரிடம் அருங்காட்சியகத்தின் ஒழுங்கை எதிர்பார்க்கிறோம் என்பது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பீங்கான் ஜாடியைப் பார்த்து மயங்கி வாங்குகிறவரிடம் வம்சாவளி கேட்டால் மயக்கம் கலைந்துவிடும்; மயக்கம் இல்லாவிட்டால் ஜாடியை யாரும் காக்கவும் மாட்டார்கள். இதில் பாதி உண்மை. மயக்கம்தான் முதல் உந்துதல். ரோஜா முத்தையாவையும் ஃபுட்டையும் நடத்தியது அதுதான். ஆனால் இங்கே கேட்கப்படுவது ஆராய்ச்சிக் கட்டுரை இல்லை. எந்த ஊர், எந்த வீடு, விற்றவர் இதை என்ன பெயரால் அழைத்தார், எதற்குப் பயன்படுத்தினார் என்று நான்கு வரிகள் போதும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், எந்தக் கடை, எந்த ஆண்டு என்பதாவது மிஞ்சும். முட்டுக்காட்டின் தட்சிணசித்ராவில் பல வட்டாரங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். இன்ன ஊரின் வீடு, இன்னார் வாழ்ந்த முறை என்ற விவரம் உடன் வந்ததால்தான் அவை வெறும் தூணும் கதவுமாகச் சிதறிப்போகவில்லை. அதே செட்டிநாட்டுத் தூண் விவரமில்லாமல் ஓர் ஓட்டலின் வரவேற்பறையில் நிற்கும்போது பர்மா தேக்கு என்ற மரத்தின் பெயர் மட்டுமே அதற்கு எஞ்சுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது, திருநின்றவூருக்கே உரியது. பொருளே எதற்கு, நினைவு போதாதா? போகியன்று பழையதைக் கழிப்பதும் பாட்டியின் நகையை உருக்கிப் பேத்திக்குப் புது வளையல் செய்வதும் நம் இயல்பு. பொருளைப் பற்றிக்கொள்வது இரவல் ரசனை என்கிறார்கள். அவர்களுக்குத் திருநின்றவூரைவிட நல்ல துணை இல்லை. கையில் காசில்லாத இவ்வூர்ப் பூசலார் கல்லும் மரமும் இல்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார்; காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னனின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு இறைவன் அந்த மனக்கோயிலுக்கு வந்தார் என்கிறது பெரியபுராணம். ஆனால் கதையின் பிற்பகுதியையும் கவனிக்க வேண்டும். ஒருவர் நெஞ்சுக்குள் மட்டும் இருந்த அக்கோயில் நமக்கு எப்படித் தெரிந்தது? பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதினார். இருதயாலீசுவரர் என்ற பெயரில் கல்லாலும் ஒரு கோயில் இவ்வூரில் நிற்கிறது. பொருளே இல்லாத நினைவுக்குக்கூட ஊர்ப்பெயரும் எழுத்தும் தேவைப்பட்டன. நினைவை நம்பிப் பொருளை உருக்குகிறவரும் பொருளை நம்பி நினைவைத் தவறவிடுகிறவரும் ஒரே பிழையின் இரு கோடிகளில் நிற்கிறார்கள்.

ஆகவே பழம்பொருள் சேகரிப்பைக் கொண்டாடவும் வேண்டாம், இகழவும் வேண்டாம், அளந்து பார்க்கலாம். எத்தனை பொருள், எவ்வளவு பழமை, என்ன விலை என்ற அளவுகள் சந்தைக்குப் போதும். சேகரிப்பின் தரத்தை அளக்க வேறொரு படி வேண்டும்: சேகரித்தவர் இல்லாத ஒரு நாளில் அந்த அலமாரியைத் திறக்கும் அந்நியருக்கு எத்தனை பொருள்கள் தம் ஊரைச் சொல்லும்? பதில் பூஜ்யம் என்றால், அந்த அலமாரி காயலான் கடைக்குப் போகும் வழியில் சற்று நீண்ட நேரம் நின்ற வண்டிதான். அடுத்த தலைமுறை அதைக் கிலோ விலைக்குத்தான் போடும். அப்படிப் போட்டால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் வேறு எந்த மதிப்பும் அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. பானையில் பேர் வெட்டிக் கொடுத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பொருள் கைமாறும், எழுத்து கூடவே போக வேண்டும் என்று உளிக்காரருக்குக் கூலி கொடுத்து எழுத வைத்தார்கள். இன்றைய சேகரிப்பாளருக்கு அந்தச் செலவும் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகமும், விற்கிறவரோடு பத்து நிமிடம் பேசும் பொறுமையும் இருந்தால் போதும்.