முழக்கமும் பயனும்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் தங்கை வீட்டுத் திண்ணை. தேர்வுக்கு ஆங்கிலச் சொல் உருப்போட்டுக்கொண்டிருந்த அவள் மகள், "ஓரேட்னா என்ன மாமா?" என்றாள்.

"சொற்பொழிவாற்று."

"அகராதியில கேலியாச் சொல்றதுன்னு போட்டிருக்கே?"

போட்டிருப்பது சரிதான். 'ஒரேஷன்' என்ற பெயர்ச்சொல் முதலில் வந்தது. அதிலிருந்து பின்னால் உருவிய வினை இது. இன்னார் ஓரேட் செய்தார் என்றால், தொண்டை கிழிய அளந்தார் என்கிற நக்கலும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். நம் செய்தித்தாளில் 'முழங்கினார்' என்று போட்டால் யாரும் சிரிப்பதில்லை. அதுவும் திருச்சியில்! 1956 மே மாதம் இங்கே கூடிய மாநாட்டில்தான் தேர்தலில் நிற்பதென்று தி.மு.க. முடிவெடுத்தது, நாவலர் நெடுஞ்செழியனைத் தலைமையேற்க வரும்படி அண்ணா அழைத்ததும் அந்த மேடையில்தான்.

'நாவலர்' என்றதும் யாழ்ப்பாணத்தார் நினைப்பது வேறொருவரை. மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுகம், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் முதல் பிரசங்கம் செய்தார். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, உரைநடையில், கூடியிருப்போர் முகம் பார்த்துப் பேசும் பாதிரிமார் முறையைச் சைவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். 1849இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் வந்தவருக்குத் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த பட்டம்தான் நாவலர். பட்டம் இங்கிருந்து போனது, பேச்சு முறை அங்கிருந்து வந்தது. நம் மேடைக்காரர்கள் இந்தக் கடனைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பிரசங்கம் வந்ததால் யாழ்ப்பாணக் கோயில்களில் பழைய புராணபடனம் போய்விடவில்லை. கந்தபுராணப் பாட்டை ஒருவர் இராகத்தோடு இழுத்துப் படிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் 'பயன்', அதாவது பொருள், சொல்லுவார். பயன்காரர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் வெகுதூரம் ஓட முடியாது, அடுத்த பாட்டு காத்திருக்கிறது. ஸ்ரீரங்கத்து உபன்யாசத்தில் இரண்டு வேலையும் ஒருவருக்கே. பாசுரமும் அவர்தான், பொருளும் அவர்தான். நடுவில் பில்டர் காபி, அமெரிக்காவில் இருக்கும் பேரன் எல்லாம் வந்துபோகும். எனக்கு அது பிடிக்கும். வீட்டுக்கு வந்தபின் எந்தப் பாசுரம் என்று கேட்டால் மட்டும் முழிப்பேன். தென்னூர் உழவர் சந்தைத் திடல் கூட்டத்துக்குப் போனால் நூலும் இல்லை, படிக்கிறவரும் இல்லை, கைதட்டல்தான் நிறுத்தற்குறி. ஆங்கிலக்காரனின் நக்கல் அங்கே கொஞ்சம் பொருந்தத்தான் செய்கிறது.

இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் தெருவிளக்கு எரிந்துவிட்டது. அவள் பேனாவை மூடவில்லை.

"பயனை மட்டும் சொல்லுங்கோ மாமா. நோட்டுல ஒரு வரிதான் இடம் இருக்கு."