‘அல்ல’ பிழையா? மொழித்திருத்தங்களின் இலக்கண அடிப்படை

முன்னுரை

அ.கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ போன்ற நூல்களின் வழியில் மொழித்திருத்தக் கையேடுகள் தொடர்ந்து வெளிவருகின்றன. பிழை, திருத்தம் என இரு நிரல்களாக அமையும் பட்டியல்கள் வகுப்பறையிலும் விடைத்தாள் மதிப்பீட்டிலும் அளவுகோலாகின்றன. அவற்றில் இடம்பெறும் யாவும் ஒரே தன்மையுடைய பிழைகளாகக் கொள்ளப்படுவது மறுஆய்வுக்குரியது.

வடிவப் பிழை

‘சுவற்றில்’ என்பதைச் ‘சுவரில்’ எனத் திருத்துவதற்கு உறுதியான அடிப்படை உண்டு. வயிறு, கிணறு முதலிய குற்றியலுகரச் சொற்கள் உருபேற்கும்போது றகரம் இரட்டித்து வயிற்றில், கிணற்றில் என்றாகும். ‘சுவர்’ ரகர மெய்யீற்றுச் சொல். அவ்விதி அதற்குப் பொருந்தாது. ‘சுவறுதல்’ என்பதோ வற்றுதலைக் குறிக்கும் வேறொரு வினை.

இயைபு மாற்றம்

‘இது பிழை அல்ல’ என்பதை ‘இது பிழை அன்று’ எனத் திருத்துவது இதனின்று வேறுபட்டது. அல்லேன், அல்லன், அல்லள், அல்லர், அன்று, அல்ல என எழுவாய்க்கேற்ப வேறுபட்ட எதிர்மறைக் குறிப்புவினைகளுள் ‘அல்ல’ பலவின்பாலுக்கு உரியது. இன்றைய உரைநடையில் அஃது எல்லா எழுவாய்களோடும் வருகிறது. ‘அது அல்ல’ என்பதைத் திருத்துவோர் ‘நான் அல்ல’ என்பதை ‘நான் அல்லேன்’ எனத் திருத்துவது அரிது. பழைய இயைபு முழுமையாகக் கோரப்படாமல், அதன் ஒரு கூறு மட்டுமே காக்கப்படுகிறது.

இம்மாற்றத்திற்கு இலக்கண மரபிலேயே முன்மாதிரி காணப்படுகிறது. ‘உண்டு’ என்பது ‘உள்’ என்னும் அடியோடு ஒன்றன்பால் விகுதி சேர்ந்த சொல். தொல்காப்பிய வினையியல் இருதிணைப் பொதுவினைகளைத் தொகுக்கும் நூற்பாவில் ‘வேறு’ என்பதும் இன்மை செப்பலும் இடம்பெறுகின்றன, ‘உண்டு’ இடம்பெறவில்லை. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூலோ வேறு, இல்லை, உண்டு ஆகிய மூன்றையும் ஐம்பால் மூவிடத்திற்கும் பொதுவாக்குகிறது. வழக்கில் நிகழ்ந்த விரிவைப் பவணந்தியார் வழுவாக ஒதுக்காமல் விதியாகப் பதிவுசெய்தார். ‘உண்டு’ சென்ற வழியிலேயே ‘அல்ல’ சென்றுள்ளது. ‘ஐயங்கள் உண்டு’ என எழுதும் திருத்துநர், ‘அது அல்ல’ என்பதை மட்டும் வழுவெனக் கொள்வது முரண்.

பொருள்தெளிவும் கருதத்தக்கது. ‘அவர் கூறியது அன்று’ என்னும் தொடர் மறுப்பையும் குறிக்கலாம். அந்நாளில் கூறியதையும் குறிக்கலாம். ‘அல்ல’ இம்மயக்கத்தைத் தவிர்க்கிறது.

ஆயினும், அன்று, அல்ல ஆகியவற்றின் வேறுபாட்டை அறியாத மாணவர் பழந்தமிழ்ப் பனுவல்களில் ஒருமை பன்மையைத் தவறவிட நேரும். எனவே இவ்வேறுபாடு கற்பிக்கப்பட வேண்டும். இக்கால உரைநடைக்கு மதிப்பெண் குறைக்கும் விதியாக அமைதல் வேண்டா.

முடிவுரை

சொல்லின் அமைப்பைச் சிதைக்கும் வடிவமும், வழக்கில் நிலைபெற்ற இயைபு மாற்றமும் ஒரே நிரலில் வைக்கத்தக்கவை ஆகா. முன்னதைத் திருத்துவது ஆசிரியர் கடமை. பின்னதை விளக்குவது இலக்கண ஆய்வாளர் கடமை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத பட்டியல், மரபின் பெயரால் நன்னூலார் காட்டிய மரபையே கைவிடுகிறது.